பெரியவர் எழும்பிட்டார்

பிரிட்ஜுக்கு மேலே பழைய பத்திரிகையில் சுற்றிக் கிடந்த பொதியை அந்த வீட்டில் போன சனிக்கிழமையிலிருந்து ஒருவரும் தொடவில்லை.

உள்ளே இருப்பது ஒரு சின்னப் பாய்க்கப்பல். பிளிமத் காரின் பொனற் நுனியில் பூட்டுகிற, வெள்ளிபோல மினுங்குகிற கப்பல். அதை ஞானேஸ்வரன் சாப்பாட்டு மேசையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் மகள் ஆரணி லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் போரை நிறுத்தச் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை அடைத்து வந்து சேர்ந்தாள்.

"அங்கை சனம் சாகுது. அப்பா இஞ்சை கப்பல் மினுக்கிறார்."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு மாடிக்கு ஏறிவிட்டாள். அவர் துணியை மடித்தார். கப்பலைச் சுற்றினார். கையெட்டாத உயரத்தில் வைத்தார். அன்றிலிருந்து தகப்பனும் மகளும் முகம் பார்த்துப் பேசவில்லை. நடுவில் தாய் நகுலேஸ்வரி, இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளமாகிப் போனாள்.

இன்று காலையும் அதே கூத்துத்தான்.

"அம்மா, நான் இண்டைக்கு வரப் பிந்தும் எண்டு அப்பாட்டைச் சொல்லுங்கோ."

"அப்பா உனக்கு முன்னாலைதானே இருக்கிறார். நீயே சொல்லன்."

"நீங்கள் சொல்லுங்கோ."

"இஞ்சேருங்கோ, பிள்ளை வரப் பிந்துமாம்."

"கேட்டது," என்றார் ஞானேஸ்வரன், ரிவியிலிருந்து கண் எடுக்காமல். "குடையைக் கொண்டு போகச் சொல்லு."

"அம்மா, குடை வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"ரெண்டு பேரும் எனக்குச் சம்பளம் தாங்கோ," என்றாள் நகுலேஸ்வரி.

ஒருவரும் சிரிக்கவில்லை. கதவு சாத்தப்பட்டது. ரிவியில் அதே வன்னிக் கடற்கரை, அதே புகை. ஞானேஸ்வரன் அந்தச் சனத்துக்குள் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணை சண்முகராசா, அண்ணி அருள்மலர், அவர்களின் மகள் குடும்பம் எல்லாரும் வன்னிப் போருக்குள் அகப்பட்டு, தைப்பொங்கலுக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்க ஒரு இடமும் இல்லை. கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை.

"நான் ரூட்டிங் மீன்கடைக்குப் போட்டு வாறன். என்ன வாங்க?"

"என்னவும் வாங்கு."

"என்னவும் எண்டு ஒரு மீன் இல்லையப்பா."

அவர் ரிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

---

மீன்கடையில் சனிக்கிழமைச் சனம். அறக்குளா மீன் வெட்டிக்கொண்டிருந்த பெடியனுக்கு முன்னால் நிற்கும்போதுதான் அவளுடைய கைப்பையில் போன் அடித்தது. நம்பர் விழவில்லை.

"ஹலோ?"

முதலில் காற்று. பிறகு சனம் இரைகிற சத்தம். பிறகு ஒரு பெண்குரல், தூரக் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல.

"நகுலாவோ?"

"ஓம். ஆர் கதைக்கிறது?"

"நான் அருளக்கா."

நகுலேஸ்வரி முன்னாலிருந்த கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்கை நிக்கிறியள்?"

"வந்திட்டம் பிள்ளை. முகாமிலை இருக்கிறம். இது வேறை ஆக்களின்ர போன். கனக்கக் கதைக்கேலாது."

"அக்கா, தலையும் போடவோ?" என்றான் மீன்காரப் பெடியன்.

"போடு தம்பி. பொறு, போடாதை. அருளக்கா, எல்லாரும் வந்திட்டியளோ?"

"பெரியவரை விட்டிட்டு வந்திட்டம், நகுலா."

"என்னக்கா?"

"பெரியவரை விட்டிட்டு வந்திட்டம். ஒண்டும் செய்யேலாமப் போச்சு. தம்பிட்டைச் சொல்லு. பக்குவமாச் சொல்லு."

அந்தக் குரல் அழுதது. நகுலேஸ்வரியும் அழுதாள். ஆனால் அவள் அழுதது நெஞ்சு நிறைந்து. ஏனென்றால் பெரியவர் என்பது அந்தக் குடும்பத்தில் ஒரு கார்.

மாமனார் மானிப்பாயில் வாடகைக்கு ஓடிய ஐம்பத்துநாலாம் ஆண்டுப் பிளிமத். ஊரில் எல்லாரும் சின்னச் சின்ன ஏ-போர்ட்டி கார் ஓடின காலத்தில், கல்யாணப் பந்தல் வாசலில் அது வந்து நின்றால் மாப்பிள்ளை வீட்டாருக்கு நெஞ்சு ஒரு சாண் நிமிரும். அதை 'அது' என்று சொல்ல மாமனார் விடமாட்டார். "சோறு போடுறவரை அது இது எண்டு சொல்லுறியோ" என்று பிள்ளைகளின் தலையில் குட்டுவார். ஆகையால் அந்த வீட்டில் கார் பழுதாவதில்லை, பெரியவருக்குச் சுகமில்லை. கார் ஸ்டார்ட் ஆவதில்லை, பெரியவர் எழும்புவார். தகப்பனுக்குப் பிறகு அதைச் சண்முகராசா எடுத்தார். இடம்பெயர்ந்தபோது சட்டி பானை எல்லாம் ஏற்றி வன்னிக்கும் கொண்டுபோனார். பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டினார்.

ஆகவே மீன்கடையில் நின்றுகொண்டு நகுலேஸ்வரி, தன் மனதில் பட்டதைச் சொன்னாள்.

"அதுக்கே அக்கா அழுறியள்? பெரியவர் போனால் போகட்டும். எத்தினை காலத்துக்கு வைச்சு இழுக்கிறது. நீங்கள் உயிர் தப்பி வந்தியளே, எங்களுக்கு அது காணும்."

மறுபக்கத்தில் சனத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அக்கா? கேக்குதோ?"

"பிறகு எடுக்கிறன், பிள்ளை," என்றது குரல். போன் நின்றது.

"அப்ப தலை?" என்றான் பெடியன்.

"போடு ராசா. எல்லாத்தையும் போடு."

---

வீட்டுக்கதவைத் திறந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே போனாள்.

"இஞ்சேருங்கோ. ரிவியை நிப்பாட்டுங்கோ. அருளக்கா எடுத்தவ."

ஞானேஸ்வரன் எழும்பவில்லை. ரிமோட்டைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"வந்திட்டினமாம். முகாமிலை இருக்கினமாம்."

"அண்ணை கதைச்சவரோ?"

"ஆற்றையோ போன். அவ மட்டும்தான் ரெண்டு வார்த்தை கதைச்சவ. பிறகு எடுக்கிறன் எண்டவ. பெரியவரைத்தான் விட்டிட்டு வந்திட்டினமாம். அதுக்கு ஒரே அழுகை."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நகுலேஸ்வரிக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

"அண்ணை என்னண்டு விட்டிட்டு வந்தவரோ," என்றார் கடைசியில். "சாமான் எல்லாம் போனாலும் அவரை விடமாட்டார். எத்தினை ஷெல்லுக்குள்ளாலை கொண்டு திரிஞ்சவர்."

"ஒரு கிழட்டுக் காருக்கு அண்ணியும் அழுகிறா, நீங்களும் அழுறியள்."

"உனக்கு விளங்காது."

"எனக்கு எல்லாம் விளங்கும். போய் முகத்தைக் கழுவுங்கோ."

அவர் முகம் கழுவவில்லை. கதிரையை இழுத்து பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்தார். ஏறினார். பொதியை இறக்கிப் பத்திரிகையை உரித்தார்.

"இனி அண்ணைக்கு ஒரு பெரியவர்தான் மிச்சம். அவர் கோலியர்ஸ் வுட்டிலை நிக்கிறார்," என்றார்.

கோலியர்ஸ் வுட்டில், வாடகைக் கராச் வரிசை ஒன்றின் கடைசிக் கதவுக்குள் நின்றது அதே ஆண்டு, அதே பிளிமத். ஜேர்மனியிலிருந்து லண்டனுக்கு மாறி வந்த ஞானேஸ்வரன் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் தோட்டத்தில் துருப்பிடித்துக் கிடந்ததைக் கண்டு, குழந்தையைத் தூக்கி வந்ததுபோலத் தூக்கி வந்தார். அமெரிக்காவில் ஓடிய வண்டியாதலால் ஸ்டீயரிங் இடப்பக்கம். திருத்தியது முழுக்கப் போனில்தான். சண்முகராசா கிளிநொச்சியிலிருந்து சொல்லச் சொல்ல இவர் இங்கே பூட்டுவார். அண்ணை வலம் என்றால் இங்கே இடம்.

இவருக்கு ஒரு வயர் எங்கே போகிறது என்று தெரியாமல் போனால், "பொறு, போய்ப் பாத்திட்டு வாறன்" என்று அண்ணை போனை வைத்துவிட்டுப் போவார். காத்திருந்தால் வந்து சொல்லுவார். "காபரேற்றருக்குக் கீழாலை போய், பின்பக்கம் ஒரு கிளிப்பிலை நிக்குது. பாத்தனான்." ஒரு தரமும் பிழைத்ததில்லை.

மார்கழிக் கடைசியில் எல்லாம் பூட்டி முடிந்துவிட்டது. முதன்முதல் எழுப்பும்போது அண்ணை போனில் கேட்கவேண்டும் என்று வைத்திருந்தார். அதற்குள் லைன்கள் அறுந்துபோயின. அதன் பிறகு கராச் கதவைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை.

"அண்ணி திருப்பி எடுப்பா. எடுக்கேக்கை அண்ணையும் பக்கத்திலை நிப்பார். அந்த நேரம் பெரியவர் எழும்பி நிக்கோணும்," என்றார் ஞானேஸ்வரன், சட்டை மாற்றிக்கொண்டே. "உன்ர போனைத் தா. நான் வைச்சிருக்கிறன்."

"எனக்கு ஆரணிக்கு எடுக்கோணும்."

"வீட்டுப் போனிலை எடு. வாமதேவனையும் வரச் சொல்லுறன். கிளிநொச்சியிலை அண்ணையோடை பழகின பெடியன், அவரிலை உயிர்."

கப்பலை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அவர் அப்படி நடந்து அவள் கண்டு கனநாள்.

---

ஆரணியின் போனுக்குள் பறை அடித்தது. சனம் கோஷம் போட்டது.

"அம்மா, சத்தமாக் கதையுங்கோ."

"அருளப் பெரியம்மா எடுத்தவ. எல்லாரும் வந்திட்டினம்."

"வாட்? பெரியப்பாவும்?"

"எல்லாரும்தான். பெரியவரை மட்டும் விட்டிட்டு வந்திட்டினமாம்."

"ஹூ இஸ் பெரியவர்?"

"அதுதான் பிள்ளை, அப்பப்பாவின்ர கார்."

பறைச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது. ஆரணி கூட்டத்தை விட்டு ஒதுங்கியிருக்கவேண்டும்.

"அம்மா, அவ எவ்வளவு நேரம் கதைச்சவ?"

"எங்கை கதைச்சது. ஆற்றையோ போன். ரெண்டு வார்த்தை."

"அந்த ரெண்டு வார்த்தையிலை காரைப் பற்றியோ சொன்னவ?"

நகுலேஸ்வரி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அம்மா, திங் பண்ணிப் பாருங்கோ. அதுக்குள்ளாலை நடந்து வந்திருக்கினம். கார்க் கதை ஆர் கதைப்பினம்? பெரியப்பா எப்பிடி இருக்கிறார் எண்டு சொன்னவவோ?"

"இல்லை."

"அவற்றை பேரைச் சொன்னவவோ?"

"அவ எப்ப பிள்ளை புருசன்ர பேர் சொன்னவ. அந்தக் காலத்து ஆள்."

"அப்ப என்ன எண்டு சொல்லுறவ?"

இவர். பிள்ளையின்ர தகப்பன். அப்படித்தான் அருளக்கா சொல்லுவாள். நகுலேஸ்வரிக்குத் தெரிந்ததெல்லாம் பழைய மானிப்பாய்க் கதை. வன்னிக்குப் போன பிறகு புருசனை என்ன சொல்லிக் கூப்பிட்டாளோ, யார் கண்டது.

"அம்மா? அப்பா எங்கை?"

"கராச்சுக்குப் போட்டார். காரை எழுப்ப."

"நான் வாறன்," என்றாள் ஆரணி. "அவசரப்பட்டு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ."

போனை வைத்துவிட்டு நகுலேஸ்வரி குசினிக்குள் போனாள். மீன் பையோடு சிங்கில் கிடந்தது. கழுவக் கை நீட்டி, நீட்டின கையை இழுத்துக்கொண்டாள். சண்முகராசாவுக்கு அப்படியொன்று நடந்திருந்தால் இந்த வீட்டுக்குச் செத்தவீட்டுத் துடக்கு. மீன் தொடக் கூடாது. நடந்திருக்காவிட்டால், உயிரோடு இருக்கிற மனுசனுக்குத் துடக்குக் காத்த பாவம். யாரிடம் கேட்பாள். வந்த அழைப்புக்கு நம்பர்கூட இல்லை.

பையை அப்படியே பிரிட்ஜின் மேல்தட்டுக்குள் தள்ளி உறையப் போட்டாள். கோட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். வழி முழுக்கத் தன்னுடைய குரலே காதுக்குள் கேட்டது. எத்தினை காலத்துக்கு வைச்சு இழுக்கிறது.

---

கராச் கதவு முழுக்கத் திறந்திருந்தது. உள்ளே இளநீலப் பிளிமத் வெயில் பட்டு நின்றது. கப்பல் பொனற்றில் ஏறிவிட்டது. ஞானேஸ்வரன் பற்றறி வயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வந்திட்டியோ? நல்ல நேரம். வாமதேவனும் இப்பதான் வந்தவன்."

வாமதேவன் பெற்றோல் ஷெட் சீருடையோடேயே வந்திருந்தான். கையில் நுனியில் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் சூப்பிப் போத்தல், அதில் கொஞ்சம் பெற்றோல். வன்னியில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளை அப்படித்தான் எழுப்புவார்கள். காபரேற்றர் வாய்க்குள் சூப்பியால் இரண்டு சொட்டுப் பெற்றோல் பீச்சினால்தான் இயந்திரம் கண் விழிக்கும். இங்கே பெற்றோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்தப் பிளிமத் வருசக்கணக்காகப் பட்டினி கிடந்த வண்டி.

"தம்பி, இஞ்சை ஒருக்கா வாரும்," என்றாள் நகுலேஸ்வரி.

அவன் வெளியே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னக்கா, சந்தோசமான நாள்."

"பெரியவரைப் பற்றி ஒண்டு கேக்கோணும்."

"உள்ளை அண்ணை சொன்னவர் அக்கா, வந்திட்டினம் எண்டு. எனக்கு இப்பதான் உயிர் வந்தது. பெரியவர் எப்பிடி இருக்கிறாராம்? முழங்கால் ஏலாத மனுசன், என்னண்டு நடந்து வந்தவர்?"

நகுலேஸ்வரி அவனைப் பார்த்தாள்.

"தம்பி, நான் காரைக் கேக்கிறன்."

"எந்தக் கார்?"

கேட்ட பிறகுதான் அவனுக்கு விளங்கியது. திரும்பிக் கராச்சுக்குள் பார்த்தான். ஞானேஸ்வரன் குனிந்து ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தார்.

"சொல்லும். எனக்கு ஒளிக்காதேயும்."

"அக்கா, அந்தக் கார் எப்பவோ இல்லை," என்றான் மெல்ல. "நான் பள்ளிக்கூடம் போகேக்கையே கல்லிலை நிண்டது. எஞ்சின் ஒரு அரிசி மில்லுக்குப் போட்டுது. மேல் தகட்டை வெட்டிப் பங்கருக்குக் கூரையாப் போட்டவை. கார் போன பிறகு சனம் அந்தப் பேரை அவருக்கு வைச்சிட்டுது. கிளிநொச்சியிலை பெரியவர் எண்டால் அவர்தான். அருளக்காவும் அப்பிடித்தான் சொல்லுவா."

"அப்ப இவ்வளவு காலமும் போனிலை?"

"என்ர கொமினிகேசன் போன்கடையிலை இருந்துதானே அக்கா எடுக்கிறவர். போய்ப் பாத்திட்டு வாறன் எண்டு சொல்லி ரிசீவரை மேசையிலை வைப்பார். எங்கையும் போகமாட்டார். அந்த இடத்திலையே கண்ணை மூடிக்கொண்டு நிப்பார். கை மட்டும் காத்திலை தடவும். பிறகு எடுத்துச் சொல்லுவார். நான் லண்டனுக்கு வெளிக்கிடேக்கை கையைப் பிடிச்சவர். தம்பிக்குச் சொல்லிப்போடாதை, அவன் அதைப் பிடிச்சுக்கொண்டுதான் அங்கை இருக்கிறான் எண்டவர்."

நகுலேஸ்வரி பக்கத்துக் கராச் கதவில் சாய்ந்தாள்.

"அவ என்னக்கா சொன்னவ?" என்றான் வாமதேவன். இப்போது சிரிப்பில்லை.

"பெரியவரை விட்டிட்டு வந்திட்டம். ஒண்டும் செய்யேலாமப் போச்சு. அவ்வளவும்தான்."

"விட்டிட்டு எண்டால்?"

"அதைத்தான் தம்பி நானும் கேக்கிறன். நடக்க ஏலாமல் வழியிலை இருத்திப்போட்டு வந்ததோ. இல்லை அங்கினேக்கையே எல்லாம் முடிஞ்சுதோ. எனக்குத் தெரியாது. நான் அவவைக் கேக்கவுமில்லை. போனால் போகட்டும் எண்டு சொன்னனான்."

வாமதேவன் சூப்பியை இறுக்கிப் பிடித்தான். பெற்றோல் விரலில் வழிந்தது.

"நான் உள்ளை போய் அண்ணைக்குச் சொல்லட்டோ?"

"வேண்டாம். பக்குவமாச் சொல்லு எண்டு என்னட்டைத்தான் அவ சொன்னவ."

"வாமு," என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "எங்கை போட்டாய்? சூப்பியைக் கொண்டு வா."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். ஞானேஸ்வரன் இடப்பக்கக் கதவைத் திறந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்தார். சட்டைப் பையில் நகுலேஸ்வரியின் போன் எட்டிப் பார்த்தது.

"இஞ்சேருங்கோ, ஒரு கதை," என்றாள் அவள்.

"பொறு நகுலா. இதை முடிச்சிட்டு."

"முதல் இதைக் கேளுங்கோ."

"நாலு மாசம் காத்திருந்த ஆள், ஒரு நிமிசம் பொறுக்க மாட்டியோ? வாமு, பீச்சு."

வாமதேவன் அவளைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. அவன் பொனற்றுக்குள் குனிந்து பீச்சினான். ஞானேஸ்வரன் திறப்பைத் திருப்பினார்.

பெரியவர் ஒருதரம் செருமினார். அடங்கினார். இன்னொருதரம் செருமினார். பிறகு அந்தக் கராச் வரிசை முழுக்க அதிர எழும்பினார். தகரக் கூரை கிடுகிடுத்தது. கறுப்புப் புகை வாசலால் வெளியே உருண்டது.

ஞானேஸ்வரன் கத்தினார். என்ன கத்தினார் என்று கேட்கவில்லை. வாயசைவில் விளங்கியது. எழும்பிட்டார், எழும்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து அவருடைய சட்டைப் பையில் போன் வெளிச்சம் பற்றியது.

நகுலேஸ்வரி கண்டாள். கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். அதற்குள் அவர் போனை எடுத்து, காருக்கு வெளியே பாய்ந்து, காதில் வைக்காமல் நேரே பொனற்றுக்குள் நீட்டிவிட்டார்.

"அண்ணை, கேக்குதே? இது பெரியவர் அண்ணை. கேக்குதே?"

"தாங்கோ. போனைத் தாங்கோ. நிப்பாட்டுங்கோ," என்று அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அவளும் சந்தோசத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்து அவளுடைய தோளில் கை போட்டார். அந்தச் சின்ன வெளிச்சத்துக்குள் யாரோ, எங்கோ, முள்ளுக்கம்பிக்குப் பின்னால் கடன் வாங்கிய போனில் எதையோ சொல்லிக்கொண்டிருக்கவேண்டும். ஆறு சிலிண்டரின் இரைச்சல் அதைத் தின்றுகொண்டிருந்தது.

பிறகுதான் அவர் போனைக் காதில் வைத்தார். நெற்றியைச் சுருக்கிக் கேட்டார். எடுத்துப் பார்த்தார்.

"கட் ஆயிட்டுது," என்றார் அவளுடைய காதோடு வாய் வைத்து. "ஆனால் கேட்டவர். அழுத சத்தம் கேட்டது. அண்ணைதான்."

"அண்ணையின்ர குரலோ?"

"என்ன?"

"அவற்றை குரல்தானோ எண்டு கேக்கிறன்."

"இந்தச் சத்தத்துக்குள்ளை குரல் ஆர் கண்டது. அழுகை கேட்டது. அண்ணையைத் தவிர வேறை ஆர் இதுக்கு அழப்போகினம்."

"நிப்பாட்டுங்கோ."

"விசரே உனக்கு? இப்பதான் எழும்பினவர். நிப்பாட்டினால் திரும்ப எழும்புவாரோ தெரியாது. ஓடட்டும், சூடு பிடிக்கட்டும். அண்ணி திருப்பி எடுப்பா."

அவர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார், குழந்தை முகத்தோடு. நகுலேஸ்வரி தொண்டையைச் சரிப்படுத்தினாள். கத்திச் சொல்லக்கூடிய கதையா அது. தன்னுடைய சாதாரணக் குரலில், வீட்டில் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்கிற குரலில் சொல்லத் தொடங்கினாள். அருளக்கா காரைச் சொல்லவில்லை என்று சொன்னாள். கார் எப்பவோ இல்லாமல் போய்விட்டது என்று சொன்னாள். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு நின்றதைச் சொன்னாள். விட்டிட்டு வந்திட்டம் என்றதைச் சொன்னாள். அதற்குத் தான் சொன்ன பதிலையும் சொன்னாள். ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சொல்லி முடித்தாள். 

ஞானேஸ்வரன் சிரித்துக்கொண்டே காதுக்குப் பின்னால் கையை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார்.

பிறகு தற்செயலாக வாமதேவனைப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். சூப்பி அவனுடைய காலடியில் விழுந்து கிடந்தது. முதுகு குலுங்கியது.

ஞானேஸ்வரனின் சிரிப்பு உதட்டிலேயே நின்றது. அவனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். காரைச் சுற்றிப் போய் இடப்பக்கக் கதவுக்குள் குனிந்து, திறப்பைத் திருப்பினார்.

இரைச்சல் விழுந்தது. சூட்டு இரும்பு டிக் டிக் என்று ஆறத் தொடங்கியது.

"இப்பக் கேக்கும்," என்றார். "திருப்பிச் சொல்லு."